காயப் போட்ட படகு

ஏப்ரல் 12, ஞாயிறு

என் மூத்த மகளின் மகன் ஆல்வின் கப்பல் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் தேறிவிட்டான். சின்ன மகளின் மகள் பிரிஸ்கா மாவட்ட அளவில் குண்டு எறிந்து முதல் ஆளாக வந்தாள். கோப்பை அவள் இடுப்பு உயரம். அவள் தம்பி ரெமி இன்று பூசையில் மைக்கைப் பிடித்துப் பல்லவி பாடினான், நான்கு வயதுதான், சுதி தப்பவில்லை. என் மகன் டெரிக்கின் மகள் ரெபினா மூன்றாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் முதல். வேதபாடப் பரிசும் அவளுக்குத்தான். முன்பல் இரண்டும் இல்லாத வாயோடு மேடையேறிச் சிரித்தாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட இந்தக் கித்தேரியம்மாளின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்று சிலுவைத்துறை ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் போனில் 'மோத்தா குடும்பம்' என்ற குழுவில் படத்தோடு வந்தது. எல்லாரும் பூப் போட்டார்கள், கை கூப்பினார்கள். கடைசியாக டெரிக் எழுதினான்: அடுத்த லீவுக்கு வரும்போது ஒரு சின்னப் பாய்ப்படகு வாங்கப் போகிறானாம், அவனும் மகளும் சேர்ந்து ஓட்டுவதற்கு. அதற்கு வந்த இதயங்களைப் பார்க்க வேண்டும்.

ஜெயசீலி இதயம் போடவில்லை. டெரிக் பெண்டாட்டி அவள். குழுவில் அவள் இல்லை, போன வருஷம் டெரிக் எடுத்துவிட்டான். இரண்டு பேரும் இப்போது இரண்டு வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளை அவளிடம், சனிக்கிழமை தோறும் என் வீட்டில் கொண்டுவந்து விடுவாள். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. குற்றம் அவளுடையதுதான். கடல் இல்லாத ஊர்க் கயத்தாற்றுக்காரிக்குக் கப்பல்காரனோடு வாழத் தெரியவில்லை.

டெரிக்கிடம் புதுப் படம் ஒன்று அனுப்பு என்று பிரிஸ்காவை விட்டு எழுதச் சொன்னேன். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது ரெபினா பிறந்த வருஷத்தில் எடுத்த அவன் படம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

டெரிக் பேசினான். "யம்மா, நான் கப்பல்ல கெடக்கேன். நீதான் போயிப் பாத்து எடுக்கணும். படகு பாக்க ஒன்ன விட்டா நம்ம வீட்ல யாரு இருக்கா."

உண்மை. என் அப்பா வீட்டு முற்றத்தில்தான் வள்ளம் கட்டுவார்கள். பலகையைத் தட்டி, சத்தத்தை வைத்து மரம் சொல்லுவேன். ஆனால் இத்தனை வயதுக்கு ஒரு படகிலும் கால் வைத்ததில்லை. எங்கள் கரையில் பொம்பளை ஏறுவதில்லை. கரைக்குப் புதிதாக வரும் படகை அதன் சொந்தக்காரன் முன்பக்க அணியத்தில் கைவைத்துத் தள்ளுகிற வரைக்கும் அதன்மேல் தண்ணீர் படக்கூடாது. தாலியறுத்தவள் அந்தப் பக்கமே வரக்கூடாது. என் வீட்டுக்காரர் வள்ளம் இறக்கிய அன்று என் மாமியார் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். நான் வெளியே நின்று பார்த்தேன். இப்போது அடுப்படி என்னுடையது.

"எப்பல வார?"

"மே பத்துக்குள்ள வந்துருவேம்மா."

ஏப்ரல் 18, சனி

துறைமுகக் கடற்கரையில் பாய்ப்படகுப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. பழைய படகுகளை விற்கிறார்கள் என்று போனோம். ரெபினாவைக் கூட்டிக்கொண்டு ஜெயசீலியும் வந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. டூட்டி முடிந்த முகத்தோடு நின்றாள்.

முதலில் காட்டியது ஒரு சோப்புப் பெட்டி. முன்னால் மொட்டை, பின்னால் மொட்டை. சின்னப் பிள்ளைகள் இதில்தான் பழகுவார்கள் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். ஜெயசீலியைப் பார்த்துத் தலையாட்டினாள், ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பாள். ரெபினா உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்ததும் இடம் தீர்ந்துவிட்டது.

"இதுல அப்பா எங்க உக்காருவாவ?"

"அப்பா கரையில நின்னு பாப்பாங்க பாப்பா."

"கரையில நிக்கறதுக்கு எதுக்கு அப்பா? அதுக்கு ஆச்சி போதுமே."

அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேர் உட்காருகிற படகைக் காட்டச் சொன்னேன். வெள்ளையாக ஒரு பைபர் படகைக் காட்டினாள். கைவிரலால் தட்டினேன். குளிக்கிற வாளியைத் தட்டியது போல் இருந்தது.

ஜெயசீலி, "இதையே எடுத்துருவோம் அத்த. லேசா இருக்கு, ரெண்டு பொம்பளையாளே தூக்கிரலாம். வெயில்ல கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது" என்றாள்.

"மோத்தா வீட்ல பிளாஸ்டிக் படகா? ஊர்ல என்ன சொல்லுவாவ?"

"ஊரா அத்த ஓட்டப் போவுது?"

என் மகன் இருந்தால் இப்படிப் பேசுவாளா. வழி முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆட்டோவில் ரெபினா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

சாளை மீன் இரண்டு கூடை வாங்கிக் கீறி உப்பிட்டேன். டெரிக்கின் படம் வரவில்லை.

ஏப்ரல் 25, சனி

கிடைத்துவிட்டது. கொரைரா சார் என்று ஒருவர், முன்னால் கப்பலுக்கு வழிகாட்டுகிற பைலட்டாக இருந்தவர், தன் பிள்ளைகளுக்காக அந்தக் காலத்தில் கட்டுவித்த படகு. பிள்ளைகள் எல்லாம் கனடாவில். அயினிப் பலகை, ஒரே ஒரு பாய், எதிரெதிரே இரண்டு இருக்கை. பெரிய ஆள் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம், பிள்ளை முன்னால். ஓடையில் கட்டிப் போட்டிருந்தார். பலகையைத் தட்டினேன். கதவைத் தட்டினால் உள்ளே இருந்து ஆள் பதில் சொல்வதைப் போல் ஒரு சத்தம்.

ரெபினா முன் இருக்கையில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றாள். எட்டு வயதுப் பிள்ளை, அவளுக்கு இன்னும் விலக்கு எதுவும் கிடையாது. விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது கொரைரா சார், "எப்பவும் ஈரத்துலயே வச்சிருங்க. வெயில்ல ஏத்திப் போட்டீங்கன்னா பலகை சுருங்கிப் பொருத்து விட்டுரும்" என்றார்.

"யாருக்குச் சொல்லுதீரு?" என்றேன்.

அவர் கும்பிட்டார். விலையை டெரிக்குக்குச் சொன்னேன். பணம் மட்டும் அன்றைக்கே வந்துவிட்டது.

மே 2, சனி

படகு வந்து இறங்கியது. லாரியில் வந்ததைத் தெருவே பார்த்தது. என் நாத்தனார் பிரகாசி மைனி கோவில் வாசலில் இருந்தே ஓடி வந்தாள். எழுபத்தைந்து வயதில் அந்த ஓட்டம் வேறு எதற்கும் ஓடமாட்டாள்.

"கித்தேரி, நீ தள்ளி நில்லு. மொகத்துல முழிச்சிராத."

"நாந்தான மைனி போயி எடுத்தேன்."

"எடுத்தது வேற. இப்ப நம்ம கரைக்கு வந்துட்டுல்ல. டெரிக் வந்து கை வைக்கட்டும், அப்பறம் நீ பாரு, பாக்காத, என்னமும் செய்."

நான் அடுப்படிக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கருவாடு காயப் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு அதற்குள் ஏற்றி வைத்தார்கள். ஈரச் சாக்கு போட்டு மூடலாமா என்று ஜன்னலில் இருந்தே கேட்டேன். முதல் தண்ணி அவன் கையால்தான் படணும் என்று மைனி சொல்லிவிட்டாள். அதுவும் சரிதான். ஒரு வாரம்தானே.

மே 8, வெள்ளி

கத்திரி வெயில். கோழி கூட வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ரெபினா பள்ளி விடுமுறைக்கு வந்துவிட்டாள். அப்பாவுக்குப் பிடித்தது என்று நான் சொன்னதால் தினமும் மாங்காய் ஊறுகாய் தின்று பழகுகிறாள். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வருகிறது, நிறுத்தமாட்டேன் என்கிறாள்.

மே 10, ஞாயிறு

வரவில்லை.

பிள்ளை காலை பூசைக்கே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. சாமியார் பிரசங்கத்தை நிறுத்திப் பார்த்தார். மத்தியானம் வரைக்கும் அதைக் கழற்றவில்லை. உள்ளே வேர்க்குரு போட்டுவிட்டது.

மூன்று மணிக்கு டெரிக் பேசினான். மாற்று ஆள் வரவில்லையாம், கப்பலைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டார்களாம். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பொம்பளைக் குரல், "கீரே... மொளக்கீரே... அரக்கீரே..." என்று போனது. நன்றாகக் கேட்டது.

கொழும்பிலும் தமிழ் ஆட்கள் உண்டு.

கப்பல் கம்பெனிக்காரன் எவனோ, அவன் மேல்தான் எனக்குக் கோபம். மாற்று ஆளை நேரத்துக்கு அனுப்பத் துப்பில்லாதவனுக்கு எதற்குக் கப்பல்.

மே 13, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. சாளைக் கருவாடு காய்ந்துவிட்டது, நல்ல பதம்.

மே 17, ஞாயிறு

ஜெயசீலி பிள்ளையைப் பார்க்க வந்தாள். கை இரண்டும் முழங்கை வரைக்கும் கறுத்துக் கிடக்கிறது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பாத்திரம் கழுவவும் விடுகிறார்கள் போலிருக்கிறது. கேட்கவில்லை.

கொட்டகைக்குள் போய்ப் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அத்த, ஒரே ஒரு தடவ ஓடையில எறக்குவோம். அவளுக்கு லீவு முடியப் போவுது. வந்ததுல இருந்து தெனமும் உள்ள உக்காந்து மண்ணுல ஓட்டுதா."

"டெரிக் வந்து கை வைக்கட்டும்."

"அவங்க எப்ப வர?"

"வருவான். ஒனக்கு என்ன அவசரம்? ஒன் வீட்டுப் படகா இது?"

சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அழுகிற ஆள் இல்லை அவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்க வீட்ல மாடுதான் அத்த. மாட்டக் கட்டிப் போட்டா நாங்க நேரத்துக்குத் தண்ணி காட்டிருவோம்."

என்ன வாய். மாட்டையும் படகையும் ஒன்றாகப் பேசுகிறாள். அவள் போன பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. இரண்டு தடவை அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் மறுபடியும் அரிசியில் ஊற்றிவிட்டேன்.

மே 20, புதன்

ரெபினா படம் வரைந்தாள். படகு, பாய், சூரியன், முன்னால் அவள். பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அப்பா. தொப்பியை மூக்கு வரைக்கும் இறக்கி வரைந்திருந்தாள்.

"ஏட்டி, ஏன் மூஞ்சி இல்ல?"

"மீசை வைக்கணுமா வேண்டாமான்னு தெரியல ஆச்சி. சொவத்துல இருக்க படத்துல இல்ல. இப்ப இருக்கா?"

எனக்கும் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. வீடியோவில் பேசு என்றால் கப்பலில் சிக்னல் இல்லை என்கிறான். உடனே பிரிஸ்காவைக் கூப்பிட்டு, இன்றைக்கே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல் என்றேன். சாயங்காலம் வந்தது. கப்பல் படம். பெரிய கப்பல், சிவப்பு அடிப்பாகம். அதில் மனுசன் யாரும் இல்லை.

"எந்தக் கப்பல்னு பேரு கூட தெரியல ஆச்சி. இது இன்டர்நெட்ல இருந்து எடுத்ததுல்லா" என்றாள் பிரிஸ்கா.

அவளுக்கு வாய் அதிகம். குண்டு எறிகிற பிள்ளை வேறென்ன பேசும்.

மே 22, வெள்ளி

முட்டி வலி. தைலம்.

மே 24, ஞாயிறு

பூசை முடிந்து வந்து நானே கூப்பிட்டேன். டெரிக் எடுத்து, "யம்மா, வேலையா இருக்கேன், எஞ்சின் ரூம்ல" என்றான். எஞ்சின் ரூமில் குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது. அப்புறம் ஒரு பெண் குரல், சின்ன வயதுக் குரல், "ஏங்க, சாப்பாடு ஆறுது" என்றது.

இப்போதெல்லாம் கப்பலில் பெண்களையும் வேலைக்கு எடுக்கிறார்கள். ஆல்வின் கூடச் சொன்னான்.

போனை வைத்துவிட்டு மீன் அறுக்க உட்கார்ந்தேன். விரலை அறுத்துக்கொண்டேன். பிள்ளையாய் இருந்த காலம் முதல் மீன் அறுக்கிற கை இது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். பிரகாசி மைனி, "என்ன ஆச்சு?" என்றாள். அருவாமனை மொட்டை என்றேன். மொட்டையாக இருந்தால் விரலை வெட்டியிருக்காதே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மே 27, புதன்

மத்தியானம் ரெபினாவைக் காணவில்லை. தேடினால் கொட்டகையில் படகுக்குள் மல்லாந்து படுத்திருக்கிறாள்.

"ஆச்சி, இங்க வந்து பாருங்க. படகுக்குள்ள வெளிச்சம் வருது."

நான் போகக்கூடாது. டெரிக் கை வைக்கிற வரைக்கும் நான் அந்தக் கொட்டகைக்குள் போகக்கூடாது. வாசலில் நின்றபடியே குனிந்து பார்த்தேன். ஓலை இடுக்கு வழியாக வெயில் படகின் வெளிப்பக்கம் விழுந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நூல் நூலாக உள்ளே வந்திருந்தது. பிள்ளையின் முகத்தில், மிதவைச் சட்டையில், கோடு கோடாக வெளிச்சம். அழகா இருக்குல்ல என்று கேட்டாள். ஒரு இடத்தில் நகத்தை விட்டுக் காட்டினாள். நகம் முழுவதும் உள்ளே போனது.

வெளிய வாட்டி என்று கத்தினேன். பிள்ளை பயந்து எழுந்து தலையை இடித்துக்கொண்டது. அது அழ, அழாதே என்று அதற்கும் கத்தினேன். பிறகு மைனி வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். ஈரச் சாக்கு போடவிட்டாளா இவள். பிறகு கொரைரா சாரையும் திட்டினேன், அவர் தூத்துக்குடியில் அவர் வீட்டில் இருந்தார். வெயிலையும் திட்டினேன். கப்பல் கம்பெனியையும். யாரையாவது விட்டிருந்தால் நாளைக்கு நினைவு வரும்.

வெள்ளை பைபர் படகைப் பற்றி நான் இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை.

மே 28, வியாழன்

டெரிக்கைக் கூப்பிட்டேன்.

"பலகை விட்டுட்டுல. எப்ப வார, ஒழுங்கா சொல்லு."

"அடுத்த மாசம் பாக்கலாம்மா. இல்லன்னா நீங்களே யாரையாவது வச்சு எறக்கிருங்க."

"ஒன் கை படாமயா?"

"அதெல்லாம் யாரும்மா இப்ப பாக்கா."

அடுப்படிக்குள் இருந்து நான் பார்த்தேன். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். கொட்டகை வாசலில் நின்று குனிந்து நான் பார்த்தேன். யாரும்மா பாக்கா என்கிறான்.

"ஏல."

"சொல்லும்மா."

"இன்னைக்குக் கீரைக்காரி வந்தாளா?"

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அங்கே குக்கர்தான் பதில் சொன்னது.

"மெட்ராஸா, கொச்சியா?" என்றேன்.

"மெட்ராஸ்மா" என்றான், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிறவன் போல. "வந்து... கப்பல விட்டு எறங்கி ரெண்டு மாசமாச்சு. நேர்ல வந்து சொல்லலாம்னு..."

"மீசை வச்சிருக்கியா?"

"என்னம்மா?"

"மீசை. இருக்கா, இல்லையா?"

"இருக்கும்மா. ஏன்?"

போனை வைத்துவிட்டேன்.

மே 29, வெள்ளி

காய்ந்த கருவாடு எல்லாவற்றையும் உதறி மறுபடியும் அடுக்கினேன். படகை இருபத்தேழு நாள் காயப் போட்டிருக்கிறேன். கருவாட்டுக்குக் கூட அவ்வளவு வெயில் வேண்டாம்.

சாயங்காலம் பிரிஸ்காவிடம் போனைக் கொடுத்து ஜெயசீலிக்குப் போடச் சொன்னேன். "நாளைக்கு டூட்டி முடிஞ்சதும் வா. பழைய சேலை கட்டிட்டு வா" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கலாம். நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

மே 30, சனி

ஜெயசீலி வந்தாள். பழைய சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடம் எங்க அத்த என்றாள்.

நான் கொட்டகைக்குள் போனேன். படகின் முன்பக்கம், அணியத்தில், என் கையை வைத்தேன். மரம் சூடாக இருந்தது, காய்ச்சல்காரன் நெற்றியைப் போல. ரெபினா என்னையே பார்த்தாள். நான் முதல் குடத்தைக் கவிழ்த்தேன்.

ஊற்ற ஊற்ற எல்லா இடுக்கிலும் ஒழுகியது. சாக்கை நனைத்து உள்ளே விரித்தோம், மேலே ஊற்றினோம். ஊர்க்கிணற்றுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தோம். தெருவில் ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன், "ஆச்சி, டெரிக் அண்ணன் வந்துட்டாவளா?" என்று கேட்டான்.

"வந்துட்டான். மெட்ராஸ்ல எறங்கிப் புதுக் குடித்தனம் போட்டுட்டான். இன்னும் என்ன தெரியணும் ஒனக்கு?"

போய்விட்டான். ஜெயசீலி குடத்தோடு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சனிக்கிழமை தவறாமல் பிள்ளையை என் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறாள். எனக்கு அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

மைனி தெருமுனையில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "தாலியறுத்தவ கைவச்சுட்டியே கித்தேரி. வெளங்குமா இது?"

"வெளங்காத வரைக்கும் பாத்தாச்சு மைனி. குடம் இருந்தா எடுத்துட்டு வாங்க, இல்லன்னா வழிய விடுங்க."

திட்டிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். வரும்போது இடுப்பில் குடம் இருந்தது. திட்டுவதை நிறுத்தவில்லை. "நான் ஊத்துறது பிள்ளைக்காவ. ஒனக்காவ இல்ல."

வெயில் தாழ்ந்ததும் தென்னமட்டையைக் கீழே போட்டுப் படகை ஓடைக்கு இழுத்தோம். நான், ஜெயசீலி, மைனி, பிரிஸ்கா, மீன் விற்றுத் திரும்பிய இரண்டு பேர். குண்டு எறிகிற கை எதற்கு உதவும் என்று இன்றைக்குத் தெரிந்தது. முழங்கால் தண்ணீரில் விட்டதும் படகு உள்ளே தண்ணீர் ஏறி மெதுவாகத் தரை தட்டி உட்கார்ந்தது.

ரெபினா அழுதாள். "முங்கிட்டு ஆச்சி."

"குடிக்குது" என்றாள் ஜெயசீலி. "வயிறு நெறையட்டும், எந்திரிச்சிரும்."

நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள். கயத்தாற்றில் ஓடையும் கிடையாது, படகும் கிடையாது. எங்கே படித்தாள் இதை.

ஜூன் 2, செவ்வாய்

தண்ணீரை இறைத்தோம். மறுபடியும் ஏறியது, ஆனால் மெதுவாக. ஜெயசீலி ஆஸ்பத்திரியில் இருந்து நேராக ஓடைக்கு வருகிறாள். ராத்திரிச் சாப்பாடு இங்கேதான். எனக்கு வைத்த குழம்பு மூன்று பேருக்குக் காணுகிறது.

ஜூன் 4, வியாழன்

இறைத்த பிறகு ஏறவில்லை. ரெபினா பொருத்தில் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் போகவில்லை.

ஜூன் 5, வெள்ளி

டெரிக் கூப்பிட்டான். ரெபினாவிடம் கொடுத்தேன். "அப்பா, மீசை இருக்காம்ல" என்றாள். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். வரட்டுமா என்று கேட்டான். வந்தால் பிள்ளையைப் பார்க்க வா, படகைப் பார்க்க வராதே என்றேன்.

ஜூன் 7, ஞாயிறு

காலைப் பூசைக்குப் பிறகு இறக்கினோம். மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்று இன்னும் வலுக்கவில்லை. ஜெயசீலி பின்னால் உட்கார்ந்து ஒரு கையில் சுக்கானையும் ஒரு கையில் பாய்க் கயிற்றையும் பிடித்தாள். கயிறு உள்ளங்கையில் ஓடியது, கொப்புளம் இருந்த அதே இடத்தில். பாய் உப்பியது. ஓடையின் வாய் வரைக்கும் போய், அங்கே பாயை மறுபக்கம் மாற்றி, இடிக்காமல் திரும்பி வந்தாள். ரெபினா முன்னால் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கை காட்டினாள்.

கரைக்கு வந்ததும் கேட்டேன். "எங்க படிச்ச?"

"அந்தப் பள்ளிக்கூடத்துலதான் அத்த. சனவரியில இருந்து. இவ இங்க இருக்கும்போது சனிக்கெழம தோறும் போவேன்."

"அவன் படகுன்னு பேசினதே ஏப்ரல்லதான."

"இவ அதுக்கு முன்னாலயே கேட்டா. பெரியாளு ஒண்ணு கூட வேணும்லா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கல அத்த."

உண்மைதான், கேட்கவில்லை. அதற்காக இப்படியா ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருப்பாள். கோபத்தில் சேலையைத் தூக்கிச் செருகி, தண்ணீரில் இறங்கி, இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மைனி கரையில் இருந்து சேசுவே என்றாள். "ஓட்டு" என்றேன் ஜெயசீலியிடம்.

எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன். அறுபத்தாறு வருஷம் என்னைக் கரையில் நிறுத்தினார்கள் என்ற கோபத்தைத்தான் எழுதத் தெரிகிறது.

பிரிஸ்கா படம் எடுத்தாள். குழுவில் போடப் போகும்போது, "ஆச்சி, டெரிக் மாமா குழுவுல இருக்காவ. ஜெயா அத்த மொகத்த வெட்டிட்டுப் போடவா?" என்று கேட்டாள்.

"வெட்டாமப் போடு. அவளையும் குழுவுல சேரு."

"மாமா கோவிச்சா?"

"கோவிக்கட்டும். அவனுக்கு இப்ப நேரம் நெறைய இருக்கு."

போட்டாள். கீழே நான் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன்: மோத்தா வீட்டுப் படகு. ஓட்டுவது மருமகள் ஜெயசீலி. முன்னால் ரெபினா, மூன்றாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் முதல். நடுவில் நான்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பூப் போடவில்லை. பிறகு பிரகாசி மைனி, பேத்தியிடம் கேட்டுக் கேட்டு, ஒரு மீன் படம் போட்டாள். அவளுக்கு அதுதான் கிடைத்ததாம். அதற்குப் பின்னால் எல்லாரும் வந்தார்கள்.

ஆனால் அந்தப் படத்தில் ரெபினா கண்ணை மூடியிருக்கிறாள், என் தலைமுடி காற்றில் பறந்து ஜெயசீலியின் வாயை மறைக்கிறது. அடுத்த ஞாயிறு நல்ல வெளிச்சத்தில் புதிதாக ஒன்று எடுத்துப் போடு, பெரிதாகக் கழுவி எனக்கும் ஒன்று அனுப்பு என்று பிரிஸ்காவிடம் சொல்லியிருக்கிறேன். சட்டம் வாங்க வேண்டாம், வீட்டில் ஒன்று காலியாக இருக்கிறது. சுவரில் ஆணியும் இருக்கிறது.